ஏர் ஃபோர்க் செட்டிங்: காற்றை அடித்தால் மட்டும் போதாது

“ஃபோர்க் கல்லு மாதிரி இருக்கு, என்னன்னு பாருங்க” என்று மவுண்டன் பைக்கைக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, காற்றை எப்படி அடித்தீர்கள் என்பதைத்தான். எவ்வளவு என்பது அப்புறம்.

ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், அதிர்வைத் தாங்கும் கவைக்கால். ஏர் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வேலையைக் காற்று செய்கிறது. இன்றைய ஏர் ஃபோர்க்கில் அந்தக் காற்றுக்கு இரண்டு அறைகள். பிஸ்டனுக்கு மேலே பாசிட்டிவ். உங்கள் எடையைத் தாங்குவது அது. கீழே நெகட்டிவ், அது எதிர்ப்பக்கமிருந்து தள்ளுவதால்தான் சின்னக் கல்லுக்கும் ஃபோர்க் இறங்கிக் கொடுக்கிறது. 1990 வாக்கில் வந்த ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 ஃபோர்க்கிலும் காற்றுதான், ஆனால் மொத்த அசைவே 48 மி.மீ. பிறகு வந்த சிலவற்றில் நெகட்டிவ் பக்கம் ஒரு சிறு ஸ்பிரிங் இருந்தது. ஒரே ஸ்பிரிங் எல்லா எடைக்கும் பொருந்துமா? இப்போது பெரும்பாலும் குழாயின் உள்சுவரில் ஒரு சிறு குழி. பிஸ்டன் சீல் அதைக் கடக்கும்போது காற்று வழிந்து இரண்டு அறையும் சமமாகிவிடும். என்னைக் கேட்டால், ஃபோர்க்கில் நடந்த மாற்றங்களிலேயே அழகானது இந்தக் குழிதான்.

ஆனால் ஃபோர்க்கை அமுக்கினால்தான் சீல் குழியைக் கடக்கும். ஃபோர்க் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஷன் டயலை முழுக்கத் திறந்துவிட்டு, ஷாக் பம்ப்பில் (சஸ்பென்ஷனுக்கான கைப் பம்ப்) 50 பிஎஸ்ஐ அடியுங்கள். பம்ப்பைக் கழற்றாமல் ஹேண்டில்பாரை மெதுவாகச் சில முறை அமுக்குங்கள். ‘உஸ்’ என்று சன்னமாகக் கேட்கும், மீட்டர் முள் இறங்கும். மறுபடி அடியுங்கள், மறுபடி அமுக்குங்கள். தயாரிப்பாளர் உங்கள் எடைக்குச் சொன்ன அளவில் முள் நிற்கும்வரை இதையே செய்யுங்கள். காற்றை இறக்கும்போதும் இதே நிதானம் வேண்டும். சட்டென்று திறந்துவிட்டால் நெகட்டிவ் அறையில் அழுத்தம் தங்கி, ஃபோர்க் உள்ளே இழுத்துக்கொண்டு குட்டையாகிவிடும். பம்ப்பைக் கழற்றும்போது வரும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். அது ஹோஸில் இருந்த காற்று.

அடுத்து ஸேக், அதாவது உங்கள் எடையிலேயே ஃபோர்க் அமுங்கும் அளவு. ஓட்டும்போது போடும் ஷூ, ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் பெடல்மேல் எழுந்து நில்லுங்கள். ஃபோர்க் குழாயில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கீழே சீல்வரை தள்ளிவிட்டு, குதிக்காமல் இறங்கி அளந்து பாருங்கள். 150 மி.மீ. ஃபோர்க்கில் 20 சதவீதம் என்றால் 30 மி.மீ. முன்பக்கம் இதைத் தாண்ட நான் விடுவதில்லை. செங்குத்தான இறக்கத்தில் எடை முன்னே சாய்ந்து ஃபோர்க் இன்னும் அமுங்கும், ஹேண்டில்பார் தாழ்ந்துவிடும்.

ஸேக் சரியாக இருந்தும் அடிக்கடி அடிவரை போய் முட்டுகிறதா? அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, காற்றுப் பக்கத்து மூடியைத் திறந்து ஒரு டோக்கன், அதாவது சிறு பிளாஸ்டிக் துண்டு, சேருங்கள். அது அறையின் கொள்ளளவைக் குறைக்கும். கடைசிப் பகுதி மட்டும் இறுகும், ஆரம்பம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கரடான பாதையிலும் கடைசி 3 செ.மீ. பயன்படவே இல்லை என்றால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும்பும் வேகம், கடைசியில்தான், ஏனென்றால் அழுத்தம் மாறினால் அதுவும் மாற வேண்டும். டயலை முழுக்க மூடி, அங்கிருந்து கிளிக்குகளை எண்ணிக்கொண்டே திறங்கள். தொடர்ச்சியாகக் கற்கள் வரும் இடத்தில் ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டு கல்லுக்கு மெத்தென்று இருந்து, போகப்போகக் கை அதிர்ந்தால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது: ஒரு கல்லிலிருந்து எழும்பி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. நிறையப் பேர் இதை அழுத்தம் அதிகம் என்று நினைத்துக் காற்றை இறக்கிவிடுகிறார்கள். அது நிலைமையை மோசமாக்கும். இரண்டு கிளிக் வேகமாக்கிப் பாருங்கள். ஃபோர்க்கின் அசைவை எண்ணெயால் நிதானப்படுத்தும் பகுதி டேம்பர். இப்போதைய நல்ல டேம்பர்களில் எண்ணெயோடு காற்று கலக்காதபடி ரப்பர் பையோ நகரும் பிஸ்டனோ வைத்திருக்கிறார்கள். நீண்ட இறக்கத்திலும் எண்ணெய் நுரைக்காது. அதனால் மேலே வைத்த கிளிக்கைக் கீழேயும் நம்பலாம்.

இவ்வளவும் செய்தும் ஆரம்பத்தில் ஒட்டினால், ஃபோர்க்கின் கீழ்க்கால் குழாய்களில் உள்ள எண்ணெயைப் பாருங்கள். 50 மணி நேரம் ஓட்டியிருந்தால் பெரும்பாலும் மாற்றும் நேரம் வந்திருக்கும். சீலுக்குக் கீழுள்ள ஃபோம் வளையங்களையும் புது எண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள்.