முன்கண்ணாடி மாற்றுகிறீர்களா? பசையைக் கேளுங்கள்

காரின் முன்கண்ணாடி உடைந்தால் எல்லோரும் கண்ணாடியின் விலையைத்தான் விசாரிக்கிறோம். ஒட்டப்போகும் பசை எது என்று கேட்பவர் அரிது. பெரிய தவறு அதுதான்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். லாரிக்குப் பின்னால் போகையில் தெறித்த ஜல்லி, ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் புள்ளியாக, ஓட்டுநரின் நேர்ப்பார்வைக்கு வெளியே விழுந்திருந்தால் பிசின் செலுத்தியே அடைத்துவிடலாம். அதுவரை தூசியும் நீரும் இறங்காமல் மேலே டேப் ஒட்டிவையுங்கள். அப்படியே விட்டுவிட்டு, வெயிலில் காய்ந்த கண்ணாடியின் மேல் ஏசியை முழு வேகத்தில் திருப்பினால் புள்ளி விரிசலாக ஓடிவிடும்.

காப்பீட்டில் கேட்பதானால், கழற்றுவதற்கு முன்பே நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்காத உடைசலுக்குப் பில் மட்டும் நீட்டினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். மூன்றாம் நபர் காப்பீட்டில் இதற்குப் பணம் இல்லை. முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஆனால் பொதுவாக 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். நோ கிளெய்ம் போனஸுக்கு, அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிக்கு, தனிப் பாதுகாப்பு எடுக்காதவர் அதையும் இழப்பார். 50 சதவீதம் வரை சேர்த்து வைத்திருப்பவர் சிறிய காரின் கண்ணாடிக்காக அதை விடுவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு.

கண்ணாடியில், ஓரத்து முத்திரையைப் படியுங்கள். முன்கண்ணாடி லேமினேட்டடு வகையாக, அதாவது இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்ததாக இருக்க வேண்டும். உடைந்தாலும் சில்லுகள் படலத்தோடு ஒட்டி நிற்கும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை, பாதி விலை என்றாலும் வாங்காதீர்கள். கார் நிறுவனத்தின் பெயர் பொறித்ததுதான் வேண்டும் என்பது தேவையற்ற பிடிவாதம். ஆனால் மழை உணரியோ கேமராவோ உள்ள காருக்கு அவற்றுக்கு ஏற்ற கண்ணாடியே வேண்டும். கேமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்யாவிட்டால் தானியங்கி பிரேக் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி பசை. இன்றைய கார்களில் இந்தக் கண்ணாடி கூரைக்கும் பலம் தருகிறது. பயணியின் ஏர்பேக் விரியும்போது பல கார்களில் இதன் மேல்தான் சாய்கிறது. ஆகவே இதற்கென்றே உள்ள பாலியூரித்தேன் பசை வேண்டும், குளியலறைக்குப் பூசும் சிலிக்கான் அல்ல. குழாயில் காலாவதி தேதியைப் பாருங்கள். தேர்ந்த கைக்காரர் பழைய பசையை மெல்லிய அடுக்காகச் சீவி, சட்டத்தில் துரு இருந்தால் சுரண்டி, பசை பிடிக்க உதவும் பிரைமர் பூசிய பிறகே குழாயின் மூக்கை 'வி' வடிவில் வெட்டி, இடைவெளி விடாமல் ஒரே ஓட்டமாகப் பசையை இழுப்பார். துருவின் மேலேயே ஒட்டினால் அடுத்த மழையில் டேஷ்போர்டு நனையும்.

ஒட்டி முடித்ததும் சாவியைக் கேட்டு அவசரப்படுத்தாதீர்கள். பசைக்குப் பசை காயும் நேரம் மாறும், உறையில் போட்டிருக்கும். அன்றைக்குக் கதவை அறைந்து சாத்தாதீர்கள், ஜன்னலைச் சற்றே இறக்கி வையுங்கள். வேகநீர் கழுவலும் இரண்டு நாள் பொறுக்கட்டும். தேய்ந்த வைப்பர் ரப்பரையும் கையோடு மாற்றிவிடுங்கள். புதுக் கண்ணாடியில் முதல் கீறலைப் போடுவது அதுதான்.

பாஸ்டேக் பழைய கண்ணாடியோடு போய்விடும். உரித்து எடுத்தால் பழுதாகிவிடும் என்பதால், சுங்கச்சாவடிப் பயணத்துக்கு முன் வங்கியில் மாற்று ஸ்டிக்கருக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.