உடலில் ஜப்பானியத் தூரிகை எழுத்து: புகைப்படத்துக்காக எழுதும் முறை

‘பிவா’ என்னும் ஜப்பானிய நரம்பிசைக் கருவியை வாசிக்கும் பார்வையற்ற கலைஞர் ஹோயிச்சியை ஆவிகளின் கண்ணில் படாமல் காப்பதற்காக, அவருடைய உடல் முழுவதும் பௌத்த இதய சூத்திரத்தை எழுதியவர்கள் காதுகளை மட்டும் விட்டுவிட்டதாக ஒரு ஜப்பானியக் கதை உண்டு. அந்தக் காட்சியின் ஈர்ப்பில் எடுத்த எடுப்பிலேயே உடல் நிறைய எழுத முனைய வேண்டாம். தொடங்குபவருக்கு முதுகின் மேற்பகுதியில் ஒரே ஓர் எழுத்து போதும்.

எந்த எழுத்து என்பதே முதல் முடிவு. ‘நிரந்தரம்’ என்று பொருள்படும் ‘ஏ’ (永) என்னும் ஜப்பானிய எழுத்தைப் பரிந்துரைக்கிறேன். ஐந்தே கோடுகள் கொண்ட இதில் தூரிகையின் எட்டு அடிப்படை அசைவுகளும் அடங்கியிருப்பதால், காலங்காலமாகப் பயிற்சிக்கு இதையே எடுத்துக்கொள்கிறார்கள். கோடுகளின் வரிசை கைக்குப் பழகும்வரை காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வேறு எழுத்தைத் தேர்ந்தால், ஜப்பானிய மொழி அறிந்த ஒருவரிடம் அதன் பொருளையும் வடிவத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வண்ணம். புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்ந்த ‘சுமி’ மை காகிதத்துக்கு உரியது; அதைத் தோலில் பூசக் கூடாது. கிரையோலான் அக்வாகலர் போல, நீரில் குழைத்துப் பயன்படுத்தும் ஒப்பனை வண்ணமே ஏற்றது. கடைகளில் கிடைக்கும் ‘கருப்பு மருதாணி’யை அறவே தவிர்த்துவிடுங்கள். அதில் கலக்கப்படும் பிபிடி என்னும் சாய வேதிப்பொருள் கொப்புளங்களையும் நிலையான தழும்பையும் உண்டாக்கக்கூடியது. எந்த வண்ணமானாலும் முந்தைய நாளே மாடலின் முன்கை உட்புறத்தில் சிறிது பூசி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

எழுத்துத் தூரிகைகளுக்குப் பேர்பெற்ற ஹிரோஷிமா மாகாணத்தின் குமானோ ஊரில் இன்று ஒப்பனைத் தூரிகைகளும் தயாராகின்றன என்பது இந்தக் கலைக்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. நுனி கூராகக் குவியும், மென்மையான, புதிய உருண்டைத் தூரிகை ஒன்று வேண்டும். மை தோய்ந்த பழைய தூரிகையைத் தோலில் வைக்காதீர்கள்.

மாடலின் முதுகைச் சோப்பிட்டுக் கழுவி, எண்ணெய்ப் பசையோ லோஷனோ இல்லாமல் நன்றாகத் துடைத்துவிடுங்கள். பிறகு, படத்தில் எந்த நிலையில் இருக்கப் போகிறாரோ அதே நிலையில் அவரை நிற்கவோ உட்காரவோ செய்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும். கையைத் தொங்கவிட்ட நிலையில் எழுதிவிட்டு, பிறகு கையை உயர்த்தச் சொன்னால் தோள்பட்டையோடு தோலும் நகர்ந்து எழுத்து கோணலாகிவிடும்.

வண்ணத்தைப் பாலாடைப் பதத்துக்குக் குழைத்துக்கொள்ளுங்கள். நீர்த்தால் தோலின் நுண்வரிகளில் ஓடிப் பரவும். இறுகினால் காய்ந்ததும் வெடிக்கும். காகிதம் மையை உறிஞ்சும், தோல் உறிஞ்சாது. அதனால் தூரிகையில் வண்ணம் அளவாக இருப்பது இங்கே மிக முக்கியம். கோட்டின் தொடக்கத்தில் நுனியை அழுத்தி, சீராக இழுத்து, முடிவில் நிறுத்தவோ கொக்கிபோல் எற்றவோ மெல்லத் தேய்த்து விடவோ வேண்டும். ‘ஏ’ எழுத்தின் நடுக்கோடு முதுகெலும்புப் பள்ளத்தில் இறங்கினால் அழுத்தம் தவறும் என்பதால், தோள்பட்டை எலும்புக்கு மேல் ஒரு பக்கமாக எழுதுவது எளிது. மாடல் மூச்சை வெளியே விட்டு நிறுத்தும் சிறு இடைவெளியில் ஒரு கோடு, அடுத்த மூச்சில் அடுத்த கோடு என்று செல்லுங்கள்.

ஒரு கோடு பிசகினால் அதன் மேல் மறுபடி தூரிகையை ஓட்டி ஒட்டுப்போடாதீர்கள். திருத்தி எழுதுவதை ‘ஷோதோ’ என்னும் ஜப்பானியத் தூரிகை எழுத்துக் கலை ஏற்பதில்லை. கேமராவிலும் அந்தத் தடிப்பு அப்பட்டமாகத் தெரியும். ஈரத்துணியால் எழுத்து முழுவதையும் துடைத்து, தோல் உலர்ந்ததும் முதலிலிருந்து எழுதுங்கள். நல்ல எழுத்தில் கையின் வேகம் தெரியும். திருத்திய எழுத்தில் அது செத்துப்போகிறது.

வண்ணம் முழுவதும் காய்ந்த பின்னரே படமெடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் ஒளி பட்டுப் பளபளக்கும். பக்கவாட்டிலிருந்து, வெள்ளைத் துணி வழியாகப் பரவி வரும் ஜன்னல் ஒளி தோலின் வளைவையும் காட்டும், எழுத்தையும் மறைக்காது. வைட் ஆங்கிள் லென்ஸ் எழுத்தின் ஓரங்களை இழுத்து நீட்டிவிடும் என்பதால் 85 மிமீ அளவிலான லென்ஸைப் பயன்படுத்துங்கள். முதுகு வளைந்திருப்பதால் லென்ஸின் திறப்பை எஃப்/8 அளவில் வைத்தால்தான் எழுத்து முழுவதும் கூர்மையாக விழும். செல்ஃபி கேமராவில் எடுத்த படமானால், எழுத்து இடவலமாக மாறியிருக்கிறதா என்று வெளியிடும் முன் பாருங்கள்.

முடிந்ததும் வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் கொண்டு மென்மையாகக் கழுவினால் போதும். எஞ்சிய கருமையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுக்கலாம்.