அட்டையில் திகதி இருக்கு, கணக்கில் நாள் இருக்கா?

யூலை, ஓகஸ்டில் வந்து நிலாவெளியில் கடல் குளித்து, கோணேசருக்கு ஓர் அர்ச்சனையும் செய்துவிட்டு மூன்று கிழமையில் திரும்பும் கனடாக்காரருக்கு இந்தக் குறிப்பு தேவையில்லை. காணிப் பிரச்சினை, அம்மாவுக்குச் சுகமில்லை என்று வந்து மாதக்கணக்கில் திருமலையிலேயே தங்கிவிடுகிற பி.ஆர். காரருக்குத்தான், அதாவது கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கு.

என் அத்தான் அப்படி உவர்மலைக்கு வந்தவர். "பி.ஆர். காட் இன்னும் இரண்டு வருசம் செல்லும், எனக்கென்ன" என்பார். முதல் பிழை அதுதான். அட்டை வெறும் அத்தாட்சி. வதிவிட உரிமை நிற்பது நாள் கணக்கில். ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும், விட்டுவிட்டு இருந்தாலும் சரி. அந்த ஐந்து வருடத்தை அட்டை தந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. கனடியக் குடிவரவு அதிகாரி உங்களைச் சோதிக்கிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார். நீங்கள் இங்கே முற்றத்தில் மாங்காய் ஆய்ந்துகொண்டிருக்க, அங்கே இருந்த பழைய நாட்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து கழன்றுகொண்டிருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை ரொறன்ரோவில் காலை வைத்தால் போதும் என்பதும் பிழை. அமெரிக்கக் கிறீன் காட்காரர் ஒரு வருடமோ அதற்கு மேலோ வெளியே நிற்பதென்றால், புறப்படுமுன்பே அங்கிருந்து மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஒரு வருடக் கதையைக் கேட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் போல.

கனடியக் குடியுரிமை உள்ள கணவன் அல்லது மனைவியோடு வெளிநாட்டில் சேர்ந்திருந்த நாட்களும் கணக்கில் வரும். அத்தான் இதை நம்பித்தான் இருந்தார். அக்கா குடியுரிமை எடுத்தவர்தான், ஆனால் அவர் ரொறன்ரோவில், இவர் உவர்மலையில்!

அட்டை முடிந்துவிட்டால் உரிமை போய்விட்டது என்று பதறவும் வேண்டாம். ஆனால் கட்டுநாயக்கவில் விமானம் ஏற விடமாட்டார்கள். நிரந்தர வதிவாளர் பயண ஆவணத்துக்கு வெளியிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். அப்போதுதான் அந்த 730 நாளையும் தோண்டுவார்கள். குறைந்தால், மனிதாபிமானக் காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால் அம்மாவின் கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரித் துண்டு எதையும் எறியாதீர்கள். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு 60 நாள்தான்.

பழைய கடவுச்சீட்டையும் வைத்திருங்கள். அத்தான் அதிலிருந்த கட்டுநாயக்க முத்திரைகளைப் பார்த்து கனடாவில் இருந்த நாட்களை ஒரு கலண்டரின் பின்பக்கத்தில் எண்ணினார். 752 வந்தது. திரும்ப ஒருமுறை எண்ணிவிட்டு, அடுத்த கிழமைக்கே டிக்கெட் போட்டார்.