ஏர்பஸ் ஏ320 விமானம் தரையிறங்கியபின்: எதை, எப்போது தொடுவது

ஓடுபாதையை விட்டு முழுதாக விலகும்வரை எதையும் தொடாதீர்கள். இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானத்தின் விமானிகள் பலர் இறங்கிய கையோடு, ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் நீளும் தகடு) என்று நினைத்துச் சக்கரத்தை மடக்கி, விமானத்தை வயிற்றில் உட்கார வைத்தார்கள். இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவசரக் கைக்கு அந்த ஆபத்து இன்றும் உண்டு.

விலகியதும் கேப்டன் ஸ்பாய்லர் (இறக்கைமேல் எழும் வேகத்தடுப்புத் தகடு) லீவரை டிஸ்ஆர்ம் செய்வார், அதாவது தானாக எழும் நிலையிலிருந்து விடுவிப்பார். உதவி விமானிக்கு அதுதான் சைகை: வானிலை ரேடாரை அணைத்து, ஃப்ளாப்பை உள்ளிழுத்து, ஏபியூவை (மின்சாரம் தரும் வால்பகுதித் துணை எஞ்சின்) ஸ்டார்ட் செய்யலாம். வெளி வெப்பம் 30 டிகிரிக்கு மேல் என்றால் (சென்னையில் பாதி வருடம் அப்படித்தான்) ஃப்ளாப் லீவரை 1 என்ற நிலையிலேயே விடுங்கள். முழுக்க மடக்கினால் இறக்கைக்குள் சூடு தேங்கி, இல்லாத காற்றுக்கசிவுக்கு எச்சரிக்கை வரும்.

பிரேக் 300 டிகிரியைத் தாண்டியிருந்தால் ஆறும்வரை மறுபடி புறப்பட முடியாது. அடுத்த பயணத்துக்குக் குறைந்த நேரமே இருந்தால், பிரேக்கை ஆற்றும் விசிறியைச் சீக்கிரம் போடுங்கள்.

நிறுத்துமிடத்தில் பார்க்கிங் பிரேக் போட்டு, அதன் அழுத்தத்தைப் பாருங்கள். ஏபியூ மின்சாரம் தயாரான பிறகே எஞ்சினை அணையுங்கள். முந்தினால் கேபின் இருண்டுவிடும். எஞ்சின் சுழற்சி அடங்கியபின்தான் சிவப்பு பீக்கனை (மின்னும் எச்சரிக்கை விளக்கு) அணைக்க வேண்டும். அது அணைவதைப் பார்த்துத்தான் தரை ஊழியர்கள் கிட்டே வருவார்கள்.