ஸ்காடா அலாரங்களை ஒழுங்குபடுத்துவது எப்படி?

ஸ்காடா என்பது ஆலையைத் திரையில் கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பு. அதில் அலாரம் அடித்தால் ஆபரேட்டருக்கு உடனே செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். பம்ப் ஓடத் தொடங்கியது, வால்வு திறந்தது என்பதெல்லாம் தகவல். ஈவென்ட் லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) பதிவானால் போதும். 1994 ஜூலையில் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டே ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. அத்தனையையும் படித்துப் பார்க்கக்கூட யாராலும் முடியாது.

முதல் வேலை, 30 நாள் அலாரம் ஹிஸ்டரியை எடுத்து டேக் (ஒவ்வொரு சிக்னலுக்கும் ஸ்காடாவில் வைத்த பெயர்) வாரியாக எண்ணுவது. பெரும்பாலும் முதல் பத்து டேக்குகளே பட்டியலை நிரப்பியிருக்கும். கை வைக்க வேண்டியது அங்கேதான். பிரையாரிட்டி (முன்னுரிமை), திரை நிறம் எல்லாம் பிறகு.

அந்தப் பத்தில் பல, வந்து வந்து போகும் அலாரங்களாக இருக்கும். ஒரு டேங்கின் ஹை லெவல் அலாரம் 80 சதவீதத்தில் வைத்திருக்கிறது. உள்ளே திரவம் அலைவதால் மட்டம் 79.7க்கும் 80.2க்கும் இடையே ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் அலாரம். அலாரம் வரும் அளவுக்கும் விலகும் அளவுக்கும் இடையே விடும் இடைவெளிதான் டெட்பேண்ட். அதை 5 சதவீதம் வைத்தால் 80இல் வந்த அலாரம் 75க்குக் கீழே இறங்கிய பிறகே விலகும். கருவி அளக்கும் முழு ரேஞ்சில் ஃப்ளோவுக்கும் லெவலுக்கும் 5, பிரஷருக்கு 2, வெப்பநிலைக்கு 1 சதவீதம் என்று தொடங்கலாம். ஆனால் அந்த டேங்கின் வழக்கமான மட்டமே 76 என்றால், வந்த அலாரம் விலகவே விலகாது. அங்கே டெட்பேண்டை 2க்குக் குறைத்துவிட்டு டிலே சேருங்கள்.

டிலேயில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொண்டால் ஆபத்து. ஆன் டிலே அலாரத்தையே தாமதப்படுத்தும். லெவலுக்கு 60 விநாடி தாங்கும். மளமளவென்று ஏறும் பிரஷருக்கு 15 விநாடிகூட அதிகமாகலாம். ஆஃப் டிலே, வந்த அலாரத்தைச் சற்று நேரம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் ஆஃப் டிலேயையே தேர்ந்தெடுங்கள்.

24 மணி நேரத்துக்கு மேல் திரையில் நிற்கும் அலாரங்கள் வேறு ரகம். நிறுத்திவைத்த பம்பின் லோ ஃப்ளோ அலாரம் நல்ல உதாரணம். பம்ப் ஓடும் சிக்னல் இருந்தால் மட்டும் அந்த அலாரம் வரும்படி லாஜிக் எழுதுங்கள். பம்ப் கிளம்பி ஃப்ளோ நிலைக்கும் வரை சில விநாடி விடுங்கள்.

பழுதான டிரான்ஸ்மிட்டரின் (அளவை அனுப்பும் கருவியின்) அலாரத்தை ஷெல்வ் செய்யலாம், அதாவது ஒரு கெடு வரை ஒதுக்கிவைக்கலாம்; டிசேபிள் செய்து அடியோடு முடக்காதீர்கள். ஷெல்வ் செய்தது கெடு முடிந்ததும் தானே திரும்பும். டிசேபிள் செய்ததை ஷிஃப்ட் மாறினால் மறந்துவிடுவார்கள். கெடு ஒரு ஷிஃப்டைத் தாண்ட வேண்டாம்.

இனி பிரையாரிட்டி. விளைவு எவ்வளவு மோசம், தடுக்க எத்தனை நிமிடம் இருக்கிறது என்ற இரண்டையும் வைத்தே முடிவு செய்யுங்கள். மொத்த அலாரங்களில் லோ 80, மீடியம் 15, ஹை 5 சதவீதம் என்ற அளவில் அமைந்தால் நல்லது.

ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாகப் 10 நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்பது இலக்கு. 10 நிமிடத்தில் பத்தைத் தாண்டினால் அது அலாரம் வெள்ளம். மாதாமாதம் எண்ணிப் பாருங்கள். மாற்றிய ஒவ்வொரு டேக்கிலும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம் மூன்றையும் எழுதிவைத்து, சிக்னலை சிமுலேட் செய்து அலாரம் வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே ஆபரேட்டரிடம் ஒப்படையுங்கள்.