பூனைக்குட்டிகளைப் பொறுப்பான வீட்டில் சேர்ப்பது எப்படி?

வீட்டுப் பரணில் பூனை ஈன்ற குட்டிகளைச் சாக்கில் போட்டு மீன் சந்தையில் விட்டுவரும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பது தவறு. தாயைப் பிரிந்த பூனைக்குட்டி, நாய்க்கும் வண்டிக்கும் தப்புவது அரிது. பட்டினியால் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

முதலில் வயதைப் பாருங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. பன்னிரண்டு வாரம் வரை விட்டுவைத்தால், கடிக்காமலும் பிறாண்டாமலும் விளையாடுவதற்கு அது உடன்பிறந்த குட்டிகளிடமே பழகிக்கொள்ளும். இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை நாள்தோறும் சிறிது நேரம் மடியில் வைத்துப் பழக்கிய குட்டி, புதிய மனிதரைக் கண்டு மிரண்டு ஒளிவதில்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு நீக்க மருந்தும், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசியும் போட்டு, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ரேபிஸ் தடுப்பூசியை மூன்று மாதம் ஆனபின் போட வேண்டும் என்பதை வாங்குபவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

தெரிந்தவர்களிடமும் வாட்ஸ்அப் குழுக்களிலும் செய்தி சொல்லும்போது குட்டியின் வயது, பாலினம், குணம், உடல்நிலை ஆகியவற்றை உள்ளபடியே எழுதுங்கள். கேட்பவர் பலர் இருப்பார்கள். முதலில் கேட்டவருக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, வாடகை வீடு என்றால் உரிமையாளர் அனுமதித்தாரா, ஊருக்குப் போகும் நாட்களில் யார் சோறு வைப்பார்கள், முன்பு வளர்த்த பூனை என்ன ஆயிற்று என்று தயங்காமல் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பெரும்பாலும் ஆளை எடைபோட்டுவிடலாம். பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கேட்பவரிடம் மட்டும் பெரியவர்களில் யார் பொறுப்பு என்பதைத் தெளிவாகப் பேசிய பிறகே முடிவெடுங்கள்.

குட்டியை நீங்களே கொண்டுபோய் விடுவது நல்லது, ஏனெனில் வீட்டை நேரில் பார்க்காமல் தெரியாதவை பல உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் நேராகப் பால்கனிக்குச் செல்லுங்கள். கம்பிகளின் இடைவெளியில் குட்டியின் தலை நுழையுமானால் உடலும் நுழைந்துவிடும். புறா வலை கட்டியிருந்தாலும் அதன் கீழ் விளிம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தொய்ந்து, ஒரு குட்டி நழுவிப்போகும் அளவுக்கு வழி விட்டிருக்கும். வலையைச் சரிசெய்யும் வரை குட்டியைக் கொடுக்க வேண்டாம். பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் என்பதையும், பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பெண் குட்டியை யாரும் எளிதில் ஏற்பதில்லை. கருத்தடை செய்வதற்கான செலவில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்றால் அந்தத் தயக்கம் பெரிதும் குறையும். ஐந்து மாதத்துக்குள் கருத்தடை செய்ய வேண்டும், வளர்க்க முடியாமல் போனால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். முதல் வாரத்தில் ஒரு முறையும் ஒரு மாதம் கழித்து ஒரு முறையும் போன் செய்து விசாரியுங்கள்.

தாய்ப்பூனை பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினையாகக்கூடும் என்பதால், குட்டிகள் பால் மறந்தவுடன் அதற்கும் கருத்தடை செய்ய மருத்துவரிடம் நாள் குறித்துவிடுங்கள்.