ஹெலிடெக்குக்கு எரிபொருள் அமைப்பு வாங்கப் போகிறீர்களா? தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

கடலுக்கு நடுவே நிற்கும் எண்ணெய் மேடைக்கோ, ஹெலிடெக் (ஹெலிகாப்டர் இறங்கும் தளம்) உள்ள கப்பலுக்கோ எரிபொருள் அமைப்பு வாங்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் தரும் கேட்டலாக்கில் முதல் பக்கத்திலேயே பம்பு பளபளக்கும். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பம்பு பழுதானால் ஹெலிகாப்டர் கிளம்பாது, அவ்வளவுதான். எரிபொருளில் தண்ணீர் இருந்தால் கிளம்பிவிடும். சிக்கலே அதில்தான்.

முதலில், தேவையா என்று கேளுங்கள்

மும்பை ஹை எண்ணெய் வயல் கரையிலிருந்து சுமார் 160 கி.மீ. மும்பையின் ஜூஹு விமானத் தளத்திலிருந்து போய்வர சுமார் 320 கி.மீ. நடுத்தர ஹெலிகாப்டர் ஒரே நிரப்பலில் முடித்துவிடும் தூரம்தான். ஆனால் திரும்பி வருவதற்கும் சேர்த்து எரிபொருளைச் சுமந்தால், அந்த எடைக்கு ஆட்களைக் குறைக்க வேண்டும். மேடைக்கு மேடை பறப்பது அதிகமானால் கணக்கு இன்னும் மாறும். ஆகவே முதல் போன் விற்பவருக்கு அல்ல, ஹெலிகாப்டர் ஓட்டும் நிறுவனத்துக்கு. எந்த மாடல் வரும், ஒரு தடவைக்கு எவ்வளவு நிரப்புவீர்கள், நாளைக்கு எத்தனை தடவை? இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

அடுத்து, ஒரு காகிதக் கணக்கு

நாளைக்கு 3 தடவை, தடவைக்கு 600 லிட்டர் என்றால் 1,800 லிட்டர். சப்ளை கப்பல் 10 நாளுக்கு ஒருமுறை வந்தால் 18,000. பருவமழைக் காலத்தில் கப்பல் தள்ளிப்போகும் நாட்களுக்கு இன்னும் 4 நாள் சேர்த்தால் 25,200 லிட்டர்.

இதைக் கரையிலிருந்து தூக்கி வரும் டேங்குகளில் வைப்பதா, மேடையிலேயே நிலையான டேங்க் கட்டுவதா என்பதுதான் பெரிய முடிவு. தூக்கி வரும் டேங்கில் பரவலாகக் கிடைப்பது 3,000 லிட்டருக்குச் சற்றுக் குறைவான அளவு. மேலே சொன்ன கணக்குக்கு 9 டேங்க் வேண்டும். ஒவ்வொரு டேங்கிலும் எரிபொருள் மட்டுமே சுமார் 2.3 டன், டேங்கின் எடை தனி. உங்கள் கிரேன் அலையில் ஆடும் கப்பலிலிருந்து அதைத் தூக்குமா? வைக்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் நிலையான டேங்க்தான். வாரத்துக்கு ஓரிரு ஹெலிகாப்டர் மட்டும் வரும் சின்ன மேடைக்கு இரண்டு மூன்று தூக்கு டேங்கே போதும். சுத்தம் செய்வதும் கரையிலேயே முடிந்துவிடும்.

டேங்கைக் குனிந்து பாருங்கள்

ஜெட் ஏ1 எரிபொருள் சூடாக இருக்கும்போது கொஞ்சம் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். இரவில் குளிர்ந்ததும் அதை வெளியே விடும். டேங்கின் காற்றுக்குழாய் வழியாக வரும் கடல் ஈரம் வேறு. எல்லாம் கீழே இறங்கி அடியில் தேங்கும். அங்கே பூஞ்சை வளரும். அது போய் ஃபில்டரை அடைக்கும்.

ஆகவே டேங்கின் அடி சமதளமாக இருக்கக் கூடாது. பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் சிஏபி 437 என்ற கையேட்டைத்தான் உலகில் பலரும் இதற்குப் பின்பற்றுகிறார்கள். நிலையான டேங்குக்கு அது சொல்வது 30-க்கு 1 என்ற சரிவு. சரிவின் கடைசியில் தண்ணீர் வந்து சேரும் சிறு குழி (சம்ப்), அதில் சாம்பிள் வால்வு. எரிபொருளை அடியிலிருந்து உறிஞ்சாமல், மிதவையோடு மேல்மட்டத்திலிருந்து உறிஞ்சும் குழாய் நல்லது. உலோகம் துருப்பிடிக்காத எஃகு. செம்பும் துத்தநாகமும் எரிபொருளைக் கெடுக்கும் என்பதால் பைப்பிலோ பொருத்துகளிலோ அவை இருக்கக் கூடாது.

நான் ஒரு மேடையில் பார்த்த டேங்கில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் சாம்பிள் வால்வுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். கண்ணாடி ஜாடி உள்ளே போகாது. பையன்கள் பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்த்துப் பிடித்துச் சமாளித்தார்கள். அந்தச் சாம்பிளில் என்ன தெரியும்? வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தந்தவர் யாரும் ஜாடியை மனதில் வைத்துப் பார்க்கவில்லை.

ஃபில்டரில் பேரம் பேசாதீர்கள்

முன்பெல்லாம் தண்ணீரை உறிஞ்சி வீங்கும் பாலிமர் வைத்த ஃபில்டர் மானிட்டர்களே எங்கும் இருந்தன. 2010 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹாங்காங் போன ஏ330 விமானம் ஒன்றின் இரண்டு இன்ஜின்களும் கட்டுப்பாட்டை இழந்தன. எரிபொருளில் கலந்திருந்தவை அந்தப் பாலிமரின் நுண்ணிய உருண்டைகள். சுரபாயா விமான நிலையத்தின் நிலத்தடி எரிபொருள் குழாயில் உப்புநீர் புகுந்ததுதான் தொடக்கம். கடலில் உப்புநீருக்கா பஞ்சம்? அதனால் புதிதாக வாங்கும்போது பாலிமர் இல்லாத வகையைக் கேளுங்கள். நுண்துளிகளைச் சேர்த்துப் பெரிதாக்கிப் பிரிக்கும் கோலெசர் வகை பழகியது, நம்பகமானது. இடம் அதிகம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பம்பு, ஹோஸ், மற்றவை

நிமிடத்துக்கு 225 லிட்டர் வரை தரும் பம்பு போதும். இரண்டு வாங்குங்கள், ஒன்று கைகாவலுக்கு. நிறுத்தும் பொத்தான் ஹெலிடெக் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எரிபொருள் மூடி எந்தப் பக்கம் என்பது மாடலுக்கு மாடல் மாறும்; எந்தப் பக்கத்துக்கும் ஹோஸ் எட்ட வேண்டும். ஹெலிகாப்டரில் பூட்டி அழுத்தத்தோடு நிரப்பும் இணைப்பு, கையால் பிடித்து ஊற்றும் நாசில் இரண்டும் தேவை. நிலைமின்சாரத்துக்கான பாண்டிங் கம்பி, ஹெலிகாப்டர் அவசரமாகக் கிளம்பினால் தானாகப் பிடுங்கிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். உதிரி பாகமும் ஆய்வாளரும் எங்கிருந்து வருவார்கள் என்பதை விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, தொழிற்சாலைக்குப் போங்கள்

கையில் ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு சிரிஞ்ச், தண்ணீர் காட்டும் கேப்சூல்கள். வேலை செய்யும் கையுறையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வால்விலும் நீங்களே சாம்பிள் எடுங்கள். சாம்பிள் தெளிவாக, பளிச்சென்று இருக்க வேண்டும். பிறகு கேப்சூலைச் சிரிஞ்சில் பொருத்தி எரிபொருளை உறிஞ்சுங்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் சரி. பச்சை தட்டினால் வடித்துவிட்டு மறுபடி எடுங்கள். அப்போதும் பச்சை என்றால் அன்று எதிலும் கையெழுத்துப் போடாமல் கிளம்பி வாருங்கள்.